ஊருக்கு ஊர் மளிகை விலை: எதை எதோடு ஒப்பிடுவது? கேள்வி பதில்

கேள்வி (தாம்பரம்): அண்ணா, தென்காசிக்கு மாற்றல் வந்திருக்கிறது. மளிகை, காய்கறிச் செலவு அங்கே எவ்வளவு குறையும் என்று எப்படிக் கணக்குப் போடுவது?

பதில்: போன மாதம் வீட்டில் செலவான சாமானை அளவோடு எழுதுங்கள். அரிசி 25 கிலோ, துவரம்பருப்பு 3 கிலோ, எண்ணெய் 4 லிட்டர், பால் 30 லிட்டர், தேங்காய் 20 என்கிற மாதிரி. அளவை விட்டுவிட்டு விலையை மட்டும் அடுக்கினால் கணக்கு கவிழ்ந்துவிடும். கொத்தமல்லிக் கட்டு இங்கே 20, அங்கே 10 என்றால் பாதி விலை என்று மனசு துள்ளும். மாதம் 8 கட்டு வாங்கினால் மிச்சம் 80 ரூபாய்தான். அரிசியில் கிலோவுக்கு 4 ரூபாய் வித்தியாசம் கண்ணில் படவே படாது, ஆனால் 25 கிலோவுக்கு அது 100 ரூபாய்.

அடுத்து பட்டியலை மூன்றாகப் பிரியுங்கள். எம்.ஆர்.பி. அச்சிட்டு வரும் சோப்பு, டீத்தூள், பிஸ்கட் எல்லா ஊரிலும் ஏறக்குறைய ஒரே விலை. சென்னையில் பெரிய கடைகள் தள்ளுபடி தருவதால் சின்ன ஊரில் இவை கூடவே ஆகலாம். துவரை, உளுந்து, மிளகாய் வற்றல் போன்றவை பெரும்பாலும் வெளி மாநிலங்களிலிருந்து மொத்தச் சந்தை வழியாக வருபவை. அவற்றில் பெரிய இடைவெளி இருக்காது. காய், கீரை, தேங்காய், பால், மீன் ஆகியவற்றில்தான் ஊர் மாறினால் விலை மாறும். பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தை பக்கத்திலேயே இருப்பதால் காயில் உங்களுக்கு மிச்சமாக வாய்ப்பு அதிகம்.

ஒரே ஒரு நாள் விலையை நம்ப வேண்டாம். இரண்டு ஊரிலும் ஒரே நாளில், மாதம் ஒரு தடவை, மூன்று மாதம் குறித்து வையுங்கள். ஓணத்துக்கு முந்தைய வாரத்தைத் தவிருங்கள். கேரளத்துக்கு லாரி லாரியாகக் காய் போகிற அந்த நாட்களில் தென்காசி, ஒட்டன்சத்திரம் பக்கம் விலை தனியாக ஏறும்.

கேள்வி (சேலம்): மத்திய அரசின் அக்மார்க்நெட் சந்தை விலைத் தளத்தில் தக்காளி குவிண்டால் 2,000 என்று போட்டிருக்கிறது. கடையில் கிலோ 35. இடையில் யாரோ கொள்ளையடிக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்?

பதில்: அவசரப்பட வேண்டாம். அந்தத் தளத்தில் குறைந்த விலை, அதிக விலை, அன்று பெரும்பாலான சரக்கு கைமாறிய விலை என மூன்று இருக்கும். மூன்றாவதைத்தான் எடுக்க வேண்டும். அதுவும் மொத்த விலை, 100 கிலோவுக்கு. உங்கள் கணக்கில் கிலோ 20.

இப்போது ஒரு பெட்டியைத் திறந்து பாருங்கள். 15 கிலோ பெட்டி 300 ரூபாய். அடியில் நசுங்கியது, வெடித்தது, பழுக்காமல் பறித்த காய்வெட்டு என 2 கிலோ கழிந்தால் விற்கக்கூடியது 13 கிலோ. அப்போதே அடக்கவிலை கிலோ 23 ஆகிவிட்டது. இதற்கு மேல் ஏற்றுகூலி, இறக்குகூலி, வண்டி வாடகை, கடை வாடகை, மறுநாள் வதங்குகிற சரக்கு எல்லாம் இருக்கின்றன. ஆகவே மொத்த விலையை மொத்த விலையோடும் சில்லறையைச் சில்லறையோடும் ஒப்பிடுங்கள். இன்னொன்று, சந்தைக்குச் சந்தை பெட்டி மாறும். உடுமலைப் பக்கம் 14 கிலோ பெட்டி, கோலாரில் 15 கிலோ. 'பெட்டி என்ன விலை' என்று மட்டும் கேட்டால் ஒரு கிலோ வித்தியாசம் ஒளிந்துகொள்ளும்.

கேள்வி (வேலூர்): ஒரு கடையில் அரிசி 25 கிலோ மூட்டை, இன்னொன்றில் 26 கிலோ. ஏன் இந்த ஒரு கிலோ?

பதில்: வரிதான் காரணம். 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரை பொதிந்து லேபிள் ஒட்டிய அரிசிக்கு 5 சதவீத ஜிஎஸ்டி. அதற்கு மேல் போனால் அந்த வரி இல்லை. அதனால் ஆலைகள் 26 கிலோ மூட்டை போட ஆரம்பித்தன. மூட்டை விலையைப் பார்க்காமல் கிலோவுக்கு வகுத்துப் பாருங்கள். பச்சரிசியா புழுங்கலா, புதுசா பழசா என்பதும் ஒத்துப்போக வேண்டும். பழைய அரிசி கிலோ விலை கூடுதல், ஆனால் தண்ணீர் நிறைய வாங்கி உதிரியாகப் பெருகும். புது அரிசி குழைந்துவிடும். இரண்டிலும் 200 கிராம் வடித்துச் சோற்றை எடைபோட்டால் எது லாபம் என்று தெரிந்துவிடும்.

கேள்வி (ஈரோடு): செக்கு நல்லெண்ணெய் எங்கள் ஊரில் கிலோ 300. சென்னையில் தங்கை லிட்டர் 280க்கு வாங்குகிறாள். சென்னையில் மலிவா?

பதில்: இல்லை அக்கா, ஈரோட்டில்தான் மலிவு. ஒரு லிட்டர் எண்ணெய் சுமார் 910 கிராம்தான். 280ஐ 0.91ஆல் வகுத்தால் கிலோ 307 ரூபாய்க்கு மேல் வருகிறது. பாக்கெட் எண்ணெயிலும் இதே கவனம் வேண்டும். ஒரு லிட்டர் பை போலவே தோன்றும் 850 மில்லி பையும் கடையில் தொங்கும். பையின் பின்பக்கம் நிகர அளவு என்ற வரியைப் படித்த பிறகே விலையைப் பாருங்கள்.

கேள்வி (ஓசூர்): எல்லையைத் தாண்டினால் கர்நாடகத்தின் நந்தினி பால். ஆவினோடு எப்படி ஒப்பிடுவது?

பதில்: பாக்கெட் நிறத்தை விட்டுவிட்டுக் கொழுப்பையும் கொழுப்பு அல்லாத இதரச் சத்தையும் பாருங்கள். சமன்படுத்திய பால் என்றால் 3 மற்றும் 8.5 சதவீதம், நிலைப்படுத்தியது 4.5 மற்றும் 8.5, நிறைகொழுப்பு 6 மற்றும் 9. ஒரே வகையை ஒரே வகையோடு மட்டும் வையுங்கள். அளவும் மாறும். 2024 ஜூனில் கர்நாடகத்தில் பாக்கெட்டில் 50 மில்லி கூட்டி 2 ரூபாய் ஏற்றினார்கள், அடுத்த ஆண்டு பழைய அளவுக்கே திரும்பினார்கள். அந்த இடைக்கால விலையை அப்படியே ஒப்பிட்டவர்கள் எல்லோரும் தப்பாகக் கணக்குப் போட்டார்கள்.

கேள்வி (மதுரை): நுகர்வோர் விலைக் குறியீட்டில் கேரளத்தின் எண் பீகாரைவிட அதிகம் என்றால் கேரளத்தில் விலைவாசி அதிகம் என்று எழுதலாமா சார்?

பதில்: எழுதவே கூடாது. பத்திரிகைகளில்கூட அடிக்கடி நடக்கிற பிழை இது. அடிப்படை ஆண்டின் விலையை 100 என்று வைக்கும் குறியீடு இது, எல்லா மாநிலத்துக்கும் தொடக்கம் 100தான். அன்றைக்கு ஒரு மாநிலத்தில் கிலோ 20, இன்னொன்றில் 40 இருந்திருந்தாலும் இரண்டும் 100. அதன் பிறகு எவ்வளவு ஏறியது என்பதை மட்டுமே அந்த எண் சொல்கிறது. இன்றைய விலையின் உயரம் தெரிய வேண்டுமானால், நுகர்வோர் விவகாரத் துறை நகரவாரியாக வெளியிடும் தினசரி சில்லறை விலையை எடுங்கள்.

கேள்வி (நாமக்கல்): முட்டைக்கு?

பதில்: என்இசிசி என்கிற தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு அறிவிப்பது பண்ணை விலை. வியாபாரி அதிலும் 'மைனஸ்' என்று கொஞ்சம் கழித்துக்கொண்டு வாங்குவது உண்டு. சென்னைக் கடை விலையோடு உங்கள் ஊர்க் கடை விலையை வையுங்கள், பண்ணை விலையை அல்ல.

கேள்வி (நாகர்கோவில்): எல்லைக்கு அந்தப் பக்கம் தேங்காய் எடைக்கு விற்கிறார்கள், இங்கே எண்ணிக்கைக்கு. ரேஷன் சாமானையும் சேர்க்கலாமா?

பதில்: ஐந்து தேங்காயை மொத்தமாக எடைபோட்டுச் சராசரி எடுங்கள். உரித்த காய் 450 கிராமும் இருக்கும், 650ம் இருக்கும், ஒன்றை வைத்து முடிவு கட்ட முடியாது. குடுமியை எடுத்துவிட்டு நிறுங்கள். ரேஷனைத் தனி வரியில் எழுதுங்கள். தமிழ்நாட்டில் அட்டைக்குத் துவரம்பருப்பு ஒரு கிலோ 30 ரூபாய், பாமாயில் ஒரு லிட்டர் 25 ரூபாய். கேரளத்தில் அரசின் சப்ளைகோ கடைகளில் 13 சாமான்கள் மானிய விலையில் கிடைக்கின்றன. இவற்றைச் சந்தை விலையோடு கலந்து சராசரி எடுத்தால் எந்த ஊர் விலையும் உண்மையாக இருக்காது. அட்டையில் கிடைக்கிற அளவை மாதத் தேவையிலிருந்து கழித்து, மீதிக்கு மட்டும் கடை விலை போடுங்கள்.