கேள்வி – பதில்: அமெரிக்காவின் யூட்டா, அரிசோனா மாநிலங்களில் கேன்யன் (பள்ளத்தாக்கு) சுற்றுப்பயணம்

கேள்வி: ஐந்து நாள் லீவு. லாஸ் வேகஸில் இறங்கி ஸயான், பிரைஸ், ஆர்ச்சஸ், மான்யுமென்ட் வேலி, ஆன்டிலோப், கிராண்ட் கேன்யன் எல்லாம் பார்த்துவிட்டு அங்கேயே திரும்ப முடியுமா? (டாலஸ் வாசகர்)

பதில்: முடியும். ஆனால் பெரும்பாலும் ரோட்டைத்தான் பார்ப்பீர்கள். ஆர்ச்சஸையும் மான்யுமென்ட் வேலியையும் விட்டுவிடுங்கள். இன்னும் இரண்டு நாள் லீவு கேளுங்கள்.

முதல் நாள் வேகஸிலிருந்து ஸயான் வாசலில் உள்ள ஸ்பிரிங்டேல் ஊர் 160 மைல். மூன்று மணி நேர ஓட்டம்தான். ஆனால் யூட்டாவுக்குள் நுழைந்ததும் கடிகாரத்தில் ஒரு மணி நேரம் போய்விடும். இரண்டாம் நாள் முழுக்க ஸயான். ஷட்டில் பஸ் ஓடும் மாதங்களில் முக்கியப் பள்ளத்தாக்குச் சாலைக்குள் சொந்தக் காரை விடமாட்டார்கள், அதனால் காலை முதல் பஸ்ஸைப் பிடியுங்கள். ஏஞ்சல்ஸ் லேண்டிங் உச்சிக்கு 2022 முதல் குலுக்கல் முறையில் பெர்மிட். கிடைக்காவிட்டால் அதற்குக் கீழே உள்ள ஸ்கவுட் லுக்அவுட் வரை ஏறலாம், அதற்குப் பெர்மிட் வேண்டாம்.

மூன்றாம் நாள் மலைச் சுரங்கப்பாதை வழியாகப் பிரைஸ், இரண்டு மணி நேரம். அங்கே ஓர் இரவு தங்குங்கள். விளிம்பு 8,000 அடிக்கு மேலே இருப்பதால் மே மாதத்தில்கூட இரவில் உறைகுளிர் வரும். ஸயானுக்கு எடுத்த டி-ஷர்ட் போதாது. காலையில் குவீன்ஸ் கார்டன் பாதையில் இறங்கி நவாஹோ லூப் பாதையில் ஏறினால் சுமார் மூன்று மைல். நான்காம் நாள் மதியம் கிளம்பி, கனாபில் பெட்ரோல் நிரப்பிக்கொண்டு பேஜ் ஊருக்குப் போய்விடலாம். மாலையில் ஹார்ஸ்ஷூ பெண்ட் (கொலராடோ ஆற்றின் குதிரைலாட வளைவு): அங்கே இருப்பது பேஜ் நகராட்சியின் பார்க்கிங், தேசியப் பூங்கா பாஸ் செல்லாது. ஐந்தாம் நாள் காலை பேஜ் பக்கத்திலுள்ள ஆன்டிலோப் என்ற குறுகிய பள்ளத்தாக்கு, மதியம் கேமரன், டெசர்ட் வியூ வழியாகக் கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்பு. ஆறாம் நாள் அங்கேயே. ஏழாம் நாள் வேகஸுக்கு 280 மைல். மதிய விமானத்துக்கு டிக்கெட் போடாதீர்கள்.

பாஸ் விஷயம்: 2026 முதல் அமெரிக்காவில் வசிப்பவர்களுக்கு ஆண்டு பாஸ் 80 டாலர், மற்றவர்களுக்கு 250. ஊரிலிருந்து விருந்தினர் வருவதாக இருந்தால் இதையும் பட்ஜெட்டில் சேருங்கள்.

கேள்வி: பிள்ளைகளுக்கு லீவு ஜூலை, ஆகஸ்டில்தான். போகலாமா? (நியூ ஜெர்சி வாசகி)

பதில்: போகலாம். ஆனால் குறுகிய பள்ளத்தாக்குகளை அந்தந்த நாளின் வானிலை பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஜூலை தொடங்கி செப்டம்பர் நடுப்பகுதி வரை மதியத்துக்கு மேல் இடிமழை வரும். வழவழத்த பாறை தண்ணீரை உறிஞ்சாது. பெய்ததெல்லாம் அப்படியே பள்ளத்துக்குள் பாயும். தலைக்கு மேலே வெயில் அடித்தாலும் நம்பக்கூடாது. 1997 ஆகஸ்ட் 12-ல் லோயர் ஆன்டிலோப்பில் 11 பேர் இறந்தார்கள். மழை பெய்தது பல மைல் தள்ளி, தண்ணீர் வரும் மேட்டுப் பகுதியில்.

ஆன்டிலோப் நவாஹோ பழங்குடி மக்களின் நிலம், வழிகாட்டியோடுதான் நுழைய முடியும். ஆபத்து என்றால் அவர்களே டூரை ரத்து செய்துவிடுவார்கள். ஸயானின் நாரோஸில் (ஆற்றுக்குள்ளேயே நடக்கும் குறுகிய பள்ளத்தாக்கு) வழிகாட்டி கட்டாயமில்லை, நீங்கள்தான் கவனிக்க வேண்டும். அன்றைய வெள்ள அபாய அறிவிப்பைப் பார்வையாளர் மையத்தில் கேட்டுவிட்டு இறங்குங்கள். தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ, சுள்ளிகள் மிதந்து வந்தாலோ, மேலிருந்து இரைச்சல் கேட்டாலோ உடனே உயரமான இடத்துக்கு ஏறுங்கள். வெள்ளத்தை முந்தி ஓடிவிடலாம் என்று நினைக்காதீர்கள். தேதி உங்கள் கையில் இருந்தால் ஏப்ரல், மே அல்லது செப்டம்பர் கடைசி முதல் அக்டோபர் வரை.

கேள்வி: அம்மா, அப்பாவுக்கு மூட்டு வலி. கிராண்ட் கேன்யனில் என்ன பார்ப்பார்கள்? (சென்னை வாசகர்)

பதில்: மேலேயே நிறைய இருக்கிறது. மேதர் பாயின்டிலிருந்து போகும் விளிம்புப் பாதை தளம் போட்டது. மார்ச் முதல் நவம்பர் வரை ஹெர்மிட் சாலையில் இலவச பஸ் ஓடும். ஹோப்பி பாயின்டில் சூரிய அஸ்தமனம் பார்க்க வைத்துவிடுங்கள். விளிம்பு 7,000 அடி, மூச்சு வாங்கும்; மெதுவாக நடக்கட்டும்.

நீங்கள் மட்டும் பிரைட் ஏஞ்சல் பாதையில் கொஞ்சம் இறங்கலாம். இறங்கும் நேரத்தைப்போல இரண்டு மடங்கு ஏற ஆகும்; கீழே போகப் போக வெயிலும் கூடும். கோடையில் ஒன்றரை மைல் ஓய்விடத்தோடு திரும்புங்கள். தண்ணீர் மட்டும் குடித்துக்கொண்டே போனால் ரத்தத்தில் உப்பு குறைந்து தலைசுற்றும், வாந்தி வரும். கூடவே முறுக்கு, உப்புக்கடலை ஏதாவது கொறியுங்கள்.

கேள்வி: பேஜில் எந்த நேரம்? போன் மாறி மாறிக் காட்டுமாமே! (சான் ஹோசே வாசகி)

பதில்: பேஜ் இருப்பது அரிசோனாவில், அந்த நேரம்தான். அரிசோனா கோடையில் கடிகாரத்தை மாற்றாது. நவாஹோ நிலமும் யூட்டாவும் மாற்றும். எல்லையில் எந்த டவர் கிடைக்கிறதோ அந்த நேரத்தைப் போன் காட்டும். ஆன்டிலோப் டூர்கள் அரிசோனா நேரப்படி நடப்பதால், போனில் தானியங்கி நேரத்தை அணைத்து ஃபீனிக்ஸ் என்று வைத்துவிடுங்கள்.

கேள்வி: சைவச் சாப்பாடு? (அதே வாசகி)

பதில்: மெக்சிகன் உணவகங்கள் கைகொடுக்கும். பீன்ஸில் பன்றிக்கொழுப்பு, சாதத்தில் சிக்கன் சூப் சேர்த்திருக்கிறார்களா என்று கேட்டு வாங்குங்கள். சின்ன ரைஸ் குக்கர் இருந்தால் அரிசி, தயிரை வழியில் செயின்ட் ஜார்ஜிலேயே வாங்கிவிடுங்கள். ஸ்பிரிங்டேலில் விலை அதிகம். பேஜில் பெரிய கடைகள் உண்டு.