மகளின் மதிப்பெண்ணைக் கேட்டு வாங்குங்கள்

கேள்வி: ‘மலேரியாக் கிருமியைக் கண்டுபிடித்தவர் யார்?’ என்ற தேர்வுக் கேள்விக்கு என் மகள் ‘லாவரான்’ என்று எழுதினாள். ரொனால்ட் ராஸ் என்பதுதான் சரி என்று மதிப்பெண் தரவில்லை. ராஸ் நோபல் பரிசு வாங்கியது 1902இல், லாவரான் வாங்கியது 1907இல். அப்படியானால் ராஸ்தானே முந்தியவர்?
– ஒரு வாசகி, விருத்தாசலம்

பதில்: இல்லை அம்மா. உங்கள் மகள் எழுதியதுதான் சரி. பரிசு வந்த வரிசையை வைத்துக் கண்டுபிடிப்பின் வரிசையை முடிவு செய்யக் கூடாது. கிருமியைக் கண்டவர் லாவரான், 1880இல். அது கொசுவுக்குள் வளர்வதைக் கண்டவர் ராஸ், 1897இல். நடுவில் பதினேழு வருஷம் இருக்கிறது.

அல்ஃபோன்ஸ் லாவரான் பிரெஞ்சு ராணுவ மருத்துவர். அப்பாவும் அதே வேலையில் இருந்தவர். 1878இல் இவரை அல்ஜீரியாவுக்கு அனுப்பினார்கள். அங்கே சிப்பாய்கள் மலேரியாவில் விழுந்துகொண்டிருந்தார்கள். சதுப்பு நிலத்துக் கெட்ட காற்றுதான் காரணம் என்பது பழைய நம்பிக்கை. மண்ணிலும் நீரிலும் இருக்கும் ஒரு பாக்டீரியாதான் காரணம் என்று 1879இல் இரண்டு ஆய்வாளர்கள் அறிவித்திருந்தார்கள். உலகம் அதை நம்பியது.

லாவரான் மண்ணைத் தோண்டப் போகவில்லை, நோயாளியின் ரத்தத்தையே பார்த்தார். மலேரியாவில் இறந்தவர்களின் ரத்தத்தில் கறுப்புத் துகள்கள் இருப்பது முன்பே தெரிந்த விஷயம். அவை எங்கிருந்து வருகின்றன என்பதுதான் அவருடைய கேள்வி. சாயம் ஏற்றாமல், காயவிடாமல், விரலில் எடுத்த ரத்தத்தை அப்படியே கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்த்தார். 1880 நவம்பர் 6, கான்ஸ்டன்டைன் நகர ராணுவ மருத்துவமனை. ஒரு சிப்பாயின் ரத்தத்தில், துகள்கள் நிறைந்த ஓர் உருண்டையின் விளிம்பிலிருந்து மெல்லிய இழைகள் சாட்டைபோல் சுழன்று, பக்கத்திலிருந்த சிவப்பணுக்களைத் தள்ளின. உயிருள்ள ஒன்று என்பதில் அதற்கு மேல் அவருக்குச் சந்தேகம் இல்லை.

அந்த இழைகள் என்ன என்பது இப்போது நமக்குத் தெரியும். அவை கிருமியின் ஆண் அணுக்கள். கொசுவின் வயிற்றுக்குள் போன பிறகு நடக்கவேண்டிய வேலை, உடலை விட்டு வெளியே வந்த ரத்தம் ஆறியதும் தகட்டிலேயே தொடங்கிவிடும். அதற்குச் சில நிமிஷம் காத்திருக்க வேண்டும். ரத்தத்தைக் காயவைத்துப் பார்த்தவர்களுக்கு இது கிடைத்திருக்காது. எனக்கு அந்தக் காத்திருப்புதான் இந்தக் கதையிலேயே பெரிய விஷயம்.

ஒருவரைப் பார்த்ததோடு அவர் நிறுத்தவில்லை. 192 நோயாளிகளைச் சோதித்து 148 பேரிடம் கிருமியைக் கண்டார். மலேரியாவுக்கான கொய்னா மருந்தைக் கொடுத்தால் அது ரத்தத்திலிருந்து மறைவதையும் பார்த்தார். 1882இல் ரோமுக்குப் போய் அங்குள்ள நோயாளிகளிடமும் அதையே கண்டார். அப்படியும் இத்தாலிய நிபுணர்கள் உடனே ஏற்கவில்லை. 1884இல் பாரிஸில், நுண்ணுயிர் ஆய்வின் முன்னோடி லூயி பாஸ்டரே நேரில் வந்து நுண்ணோக்கியில் பார்த்தார், ஏற்றுக்கொண்டார். கொசுவுக்கு இதில் பங்கு இருக்கலாம் என்று லாவரான் அந்த வருஷமே எழுதியும் வைத்தார்.

சரி, ராஸ்? இந்தியாவில் முதலில் தேடியபோது அவருக்கு இந்தக் கிருமி அகப்படவில்லை. லாவரான் சொன்னதையே அவர் சந்தேகித்தார். 1894இல் லண்டனில் பாட்ரிக் மான்சன் என்ற மருத்துவர் காட்டிய பிறகுதான் நம்பினார். அப்புறம் செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றுச் சுவரில் அவர் கண்டது மகத்தான விஷயம், அதில் ஒரு துளியும் குறைக்க மாட்டேன். ஆனால் தேடவேண்டியது எது என்று அவருக்கு முன்பே ஒருவர் கண்டு சொல்லியிருந்தார்.

லாவரான் எல்லாவற்றிலும் சரியாக இருந்தார் என்றும் சொல்லமாட்டேன். 1903இல் சென்னையில் டோனோவன் என்ற மருத்துவர், மண்ணீரல் வீங்கிய நோயாளிகளிடம் கண்ட ஒட்டுண்ணியின் தகடுகளை அவருக்கு அனுப்பினார். கால்நடைகளைத் தாக்கும் ஒரு கிருமியின் இனம் என்று லாவரான் நினைத்தார். அது தவறு. புதிய இனம் என்று சரியாகச் சொன்னவர் ராஸ். கறுப்புக் காய்ச்சல் எனப்படும் காலா அசாரின் கிருமி அது.

ராணுவம் லாவரானை நோயாளியும் ஆய்வகமும் இல்லாத நிர்வாகப் பதவியில் உட்கார வைத்தது. 1896இல் அதை உதறிவிட்டுப் பாஸ்டர் நிறுவனத்தில் கௌரவப் பதவியில் சேர்ந்து ஆய்வைத் தொடர்ந்தார். நோபல் பணத்தில் பாதியை அங்கே வெப்பமண்டல நோய் ஆய்வகம் அமைக்கக் கொடுத்தார். 1922இல் இறந்தார்.

விடைத்தாளை எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போங்கள். ‘1880, கான்ஸ்டன்டைன்’ என்று சொல்லிப் பொறுமையாகக் கேளுங்கள். மதிப்பெண் கிடைத்ததா என்று எனக்கும் எழுதுங்கள்.