வேலையை வாங்கிய பிறகு "தரம் சரியில்லை" என்று கிளையண்ட் காசைத் திருப்பிக் கேட்டால் என்ன செய்வது?

என்ன வேலை, எந்த ஃப்ரீலான்ஸ் தளம் என்று நீங்கள் எழுதவில்லை. ஆனாலும் "தரம் சரியில்லை" என்ற சொல்லைக் கண்டபிறகு பேசாமல் போக என்னால் முடியவில்லை. அநேகமாக உங்களுக்கு நடந்தது இப்படித்தான் இருக்கும்: ஃபைலை அனுப்பும்வரை ஒரே புகழ்ச்சி. அனுப்பியபிறகு ஒரு கிழமை, ஒன்றரைக் கிழமை சத்தமே இல்லை. பிறகு திடீரென்று ஒரு நீளமான மெசேஜ், அதன் கடைசி வரியில் ரீஃபண்ட். பிழையாக ஊகித்திருந்தால் குறை நினைக்கவேண்டாம்.

முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். ரீஃபண்ட் கோரிக்கைக்கு "சம்மதம்" என்ற பட்டனை அழுத்திவிடாதீர்கள். கோபத்திலும் அழுத்தாதீர்கள், வெட்கத்திலும் அழுத்தாதீர்கள். நான் வெட்கத்தில் அழுத்தப் போனவள்.

நான் கொழும்பு வெள்ளவத்தையில் இருந்து மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். ஆங்கிலத்தில் இருந்து தமிழ், சிலவேளை சிங்களத்தில் இருந்தும். 2024இல் கனடாவில் உள்ள ஒரு ஏஜென்சி (பெயர் வேண்டாம், தளத்தின் பெயரும் வேண்டாம்) நோயாளிகளுக்கான கையேடுகளை மொழிபெயர்க்கத் தந்தது. சத்திரசிகிச்சைக்கு முதல் எப்போது சாப்பாட்டை நிறுத்தவேண்டும், எந்தக் குளிசையை எடுக்கக்கூடாது, வீட்டுக்குப் போனபின் காயத்தை எப்படிப் பார்ப்பது, இப்படியான விஷயங்கள். 9,200 சொல், சொல்லுக்கு 5 சதம், மொத்தம் 460 டொலர். இரண்டு மைல்ஸ்டோன், அதாவது இரண்டு தவணை. முதல் 150 டொலர் ஒழுங்காக வந்தது. மிச்சம் 310 டொலரை எஸ்க்ரோவில் (வேலை முடியும்வரை தளம் காசைப் பிடித்து வைக்கும் இடம்) போட்டார்கள், நானும் வேலையை முடித்துக் கொடுத்தேன். அப்போதைய விலையில் 93,000 ரூபா. மகளின் டியூஷன் காசு, ஸ்கூல் வான் காசு எல்லாம் அதற்குள் கணக்குப் போட்டாயிற்று.

அந்தத் தளத்தில், வேலையை ஒப்படைத்து 14 நாளுக்குள் கிளையண்ட் ஒன்றும் சொல்லாவிட்டால் காசு தானாக விடுபடும். பதினோராம் நாள் இரவு மெசேஜ் வந்தது. "மாற்றம் தேவை" என்று ஒரு தட்டுத் தட்டியதும் அந்த 14 நாள் கணக்கு நின்றுவிட்டது. கூடவே ஒரு ஃபைல், அதில் 63 இடத்தில் சிவப்பு. அவர்களுடைய ரிவியூவர் ஒருவர் பார்த்தாராம். முடிவு ஒரே வரியில்: இது தமிழே இல்லை, பாவிக்கமுடியாது, இரண்டு மைல்ஸ்டோனையும் திருப்பித் தரவும்.

தமிழே இல்லை! பதினாறு வருஷம் இந்தத் தொழிலில் இருக்கிறேன். அன்றிரவு அந்த ஃபைலைத் திறக்கவே தைரியம் வரவில்லை. என் கணவர் சொன்னார், "விடுமப்பா, குடுத்துப்போட்டுப் படும். இதுக்கெல்லாம் நித்திரையைக் கெடுக்காதையும்." கொடுத்துவிடத்தான் யோசித்தேன். அடுத்த நாள் காலமை திறந்து பார்த்தால், முதல் சிவப்பே "ரொறன்ரோ". அதை வெட்டி "டொராண்டோ" என்று ரிவியூவர் போட்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பயமும் அத்தோடு போயிற்று. கனடாவில் எங்கட ஆட்கள் நடத்துகிற பத்திரிகைகளில் "ரொறன்ரோ"தான், "ஒன்ராறியோ"தான். அந்த ஊர்க்காரரே எழுதுவதை எனக்குப் பிழை என்று திருத்தியிருக்கிறார்.

அறுபத்து மூன்றையும் ஒவ்வொன்றாகப் பிரித்தேன். 41 இலங்கைச் சொற்கள்: வைத்தியசாலையை மருத்துவமனையாக்கியிருந்தார், தாதியைச் செவிலியராக, சத்திரசிகிச்சையை அறுவை சிகிச்சையாக, குருதி அமுக்கத்தை இரத்த அழுத்தமாக, குளிசையை மாத்திரையாக, மணித்தியாலத்தை மணிநேரமாக. 13 அவருடைய ரசனை, நான் எழுதிய வசனத்தைத் தன் கையெழுத்தில் திருப்பி எழுதியிருந்தார். 6 ஒற்றுப்பிழை, என்னுடையதுதான். மிச்சம் 3 உண்மையான பிழை. அதில் ஒன்றைச் சொல்ல இப்பவும் கூச்சமாக இருக்கிறது: 48 மணித்தியாலம் என்று வரவேண்டிய இடத்தில் 24 என்று அடித்திருந்தேன். மருத்துவக் கையேட்டில் அது சின்ன விஷயம் இல்லை. அதைப் பிடித்த அந்த ரிவியூவருக்கு நான் கடமைப்பட்டவள்தான்.

இந்த இடத்தில் யாராவது "இலங்கைத் தமிழ்தான் உசத்தியோ" என்று வரமுதல் சொல்லிவிடுகிறேன், நான் அந்தச் சண்டைக்கு வரவில்லை. எனக்கு வழமையாக வேலை தருபவர்களில் மூன்று பேர் சென்னைக்காரர், நேரத்துக்குக் காசு போடுகிறவர்கள். அவர்களுக்கு எழுதும்போது நானும் மருத்துவமனைதான் எழுதுகிறேன். அந்த 41இலும் ஒன்றில் ரிவியூவர் பக்கம் நியாயம் இருந்தது. "இரண்டு கிழமைக்குப் பின் தையல் வெட்டப்படும்" என்று எழுதியிருந்தேன். எங்களுக்குக் கிழமை என்றால் வாரம். தமிழ்நாட்டில் கிழமை என்றால் திங்கள், செவ்வாய் என்கிற நாள். அங்கே வளர்ந்த ஒருவர் அதை வாசித்துக் குழம்பலாம். வாரம் என்று போட்டிருந்தால் இரண்டு பக்கத்துக்கும் விளங்கியிருக்கும். ஆனால் ஒரு சொல்லுக்காக 9,200 சொல்லும் தமிழ் இல்லை என்றாகிவிடுமா?

இதற்குள் இன்னொரு கணக்கும் வந்தது. தமிழ் ஃபைலில் 4,300 சொல்தான் இருக்கிறது, 6,200க்கு ஏன் காசு என்று கேட்டார்கள். ஆங்கிலத்தில் ஐந்தாறு சொல்லில் இழுப்பதை நாங்கள் "சாப்பிடாமலிருக்கவேண்டும்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவோம், அது எங்கள் மொழியின் குணம். விண்ணப்பிக்கும்போதே "மூல ஆங்கிலச் சொல்லுக்கு" என்று எழுதியிருந்தேன். அதை எடுத்துக் காட்டினேன், அந்தக் கதை அத்தோடு சரி.

சொல் விஷயம்தான் சிக்கல். வாசிக்கப்போகிறவர்கள் ரொறன்ரோவின் ஸ்கார்பரோவில் இருக்கும் எங்கட வயதானவர்கள் என்று கிளையண்ட் எனக்குச் சொன்னது வாட்ஸ்அப் கோலில். தளத்தின் மெசேஜ்களில் அதுபற்றி ஒரு வரியும் இல்லை. தளத்துக்கு வெளியே கதைத்தது தளத்துக்குக் கேட்காது. முட்டாள்தனம் முழுக்க என்னுடையதுதான். "நீங்கள் கோலில் சொன்னீர்களே" என்று எழுதினேன். "அப்படி நினைவில்லை" என்று பதில்.

நாலு நாளுக்குப் பிறகு சமாதானம் பேச வந்தார்கள். ரீஃபண்டுக்குச் சம்மதித்தால் வெளியே பேபாலில் 150 டொலர் போடுவார்களாம். அப்போது இலங்கையில் இருந்து பேபாலில் காசு கட்டலாம், வாங்க ஏலாது என்று அவர்களுக்குத் தெரியாது. லண்டனில் இருக்கும் தம்பியின் கணக்குக்குப் போடச் சொல்வோமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். நினைக்கவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் எஸ்க்ரோவில் இருப்பதை நானே விட்டுக்கொடுத்த பிறகு, அந்த 150ஐ அனுப்பவேண்டிய கட்டாயம் அவர்களுக்கு என்ன? கணக்கை வெளியே முடித்தது தெரிந்தால் தளம் என் கணக்கையும் மூடும். உங்களுக்கும் இப்படி ஒன்று வரும், பாருங்கள்.

தளத்திடம் டிஸ்பியூட் (முறைப்பாடு) போட்டேன். இரண்டு பக்கத்தையும் சமாதானப்படுத்தத் தளத்தில் இருந்து ஒரு இணக்கக்காரர் வந்தார். அவருக்குத் தமிழ் ஒரு எழுத்தும் தெரியாது. வைத்தியசாலையும் சரி மருத்துவமனையும் சரி, அவருக்கு இரண்டும் வெறும் வட்டமும் கொக்கியும். நான் நாலு பக்கத்துக்கு எழுதிய மொழி ஆராய்ச்சியை அவர் வாசித்திருப்பார் என்றுகூட நம்பவில்லை. தமிழ் தெரியாதவர் கண்ணுக்கும் தெரிகிற சாட்சி ஒன்று வேண்டும். இரண்டு நாள் பழைய மெசேஜ், ஃபைல் எல்லாவற்றையும் கிளறினேன். கடைசியில் அகப்பட்டது எங்கே தெரியுமா? அவர்களே தளத்தில் ஏற்றிய மூல ஃபைலின் பெயரில். பெயரின் வாலில் "டிஏ-எல்கே" என்று இருந்தது. டிஏ என்றால் தமிழ், எல்கே என்றால் இலங்கை. இந்தியத் தமிழ் என்றால் "டிஏ-ஐஎன்" என்று வரும். கணினி உலகம் முழுக்கப் பாவிக்கிற குறியீடு அது. கேட்டது இலங்கைத் தமிழ், கொடுத்தது இலங்கைத் தமிழ், திருத்தியது வேறு தமிழ் என்று மூன்றே வரியில் எழுதி, ஃபைல் பெயரின் ஸ்கிரீன்ஷாட்டை ஒட்டினேன். ஒற்றுப்பிழை ஆறும், உண்மையான பிழை மூன்றும் என்னுடையது, இதோ திருத்திய ஃபைல் என்று அதையும் சேர்த்தேன்.

அதற்குப் பிறகுதான் பேச்சின் தொனி மாறியது. இணக்கக்காரர் சொல்வது யாரையும் கட்டுப்படுத்தாது, அவர் ஒரு தொகையைச் சொல்வார், இரண்டு பக்கமும் ஒத்துக்கொள்ளவேண்டும். அதற்கு மேலே நடுவரிடம் போகலாம், போனால் ஆளுக்குச் சில நூறு டொலர் கட்டவேண்டும். 310 டொலர் வழக்குக்கு யார் போவது? 60 டொலரை விட்டேன், 250 வந்தது. கொமிஷன் 10 வீதம் போக 225. "முழுக்க வாங்கியிருக்கவேண்டும்" என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும், 24க்கும் 48க்கும் நான் கொடுத்த விலை அது என்று வைத்துக்கொண்டேன். போகிற போக்கில் மூன்று நட்சத்திரம் குத்திவிட்டுப் போனார்கள். அது இன்னும் என் புரொஃபைலில் கிடக்கிறது.

இந்த மூன்று கிழமையும் வீட்டில் எனக்கு நடந்ததையும் சொல்லாவிட்டால் மனசு ஆறாது. எங்கள் தொடர்மாடியில் யாருக்குக் கூரியர் வந்தாலும் என் கதவுதான். தண்ணி மோட்டர் திருத்த ஆள் வந்தால் திறப்பு என்னிடம். இரண்டாம் மாடி அன்ரி, "பிள்ளை, நீர் வீட்டிலதானே சும்மா நிக்கிறீர், உந்த காஸ் சிலிண்டர் வந்தால் ஒருக்கால் எடுத்து வையும்" என்கிறா. டிஸ்பியூட் பதிலுக்குக் கடைசி நாள் அன்று மூன்று தரம் மணி அடித்தது. 2025 ஏப்ரலில் இருந்து வெளிநாட்டுக்குச் செய்யும் சேவை வருமானத்துக்கும் 15 வீதம் வரை வருமான வரி. அரசாங்கத்துக்கு நான் சேவை ஏற்றுமதி செய்பவள், எங்கள் லிஃப்டுக்குள் நான் வீட்டில் சும்மா நிற்பவள். சரி, இதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தம் இல்லை.

உங்களுடையது மணிக்கணக்கு ஒப்பந்தம் என்றால் மேலே சொன்னதில் பாதி பொருந்தாது. அப்வர்க் தளத்தில் டைம் டிராக்கர் (நேரத்தைப் பதியும் செயலி) ஓடவிட்டுச் செய்த மணிகளின் காசுக்குத்தான் பாதுகாப்பு. அது 10 நிமிடத்துக்கு ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்கும். கையால் பதிந்த நேரத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. 2022 மார்ச் கடைசியில் இலங்கையில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தபோது, கொப்பியில் எழுதி வைத்துப் பிறகு கையால் பதிந்த எத்தனையோ பேர் இங்கே இருக்கிறார்கள். ஃபைவர் தளம் என்றால் ஒப்படைத்து மூன்று நாளில் ஓர்டர் தானாக முடிந்துவிடும், ஆனால் வாங்குபவர் திருத்தம் கேட்டால் அதுவும் நிற்கும்.

நிலையான விலை ஒப்பந்தம் என்றால், இன்றைக்கே அவர்கள் ஏற்றிய எல்லா ஃபைலையும், முதல் மெசேஜில் இருந்து கடைசி மெசேஜ் வரைக்கும் இறக்கி வையுங்கள். அவர்கள் சொல்லும் குறைகளை எண்ணுங்கள், உங்கள் பிழை எது என்று நீங்களே முதலில் பிரியுங்கள். பிறகு ஒப்படைத்து இன்றைக்கு எத்தனையாவது நாள் என்றும், அவர்கள் "மாற்றம் தேவை" என்று அழுத்தினார்களா, வெறும் மெசேஜ் மட்டும் அனுப்பினார்களா என்றும் எழுதுங்கள். வெறும் மெசேஜ் என்றால், உங்கள் தளத்தில் 14 நாள் கணக்கு இன்னும் ஓடிக்கொண்டிருக்கக்கூடும்.