பெற்றோர் கவர்னராக நிற்கலாமா?

கேள்வி: லண்டன் ஹாரோவில் இருக்கிறோம். மகன் ஆரம்பப் பள்ளியில் 3-ஆம் ஆண்டு படிக்கிறான். பெற்றோர் கவர்னர் இடம் காலியாக இருப்பதாகப் பள்ளியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. அவன் வகுப்பில் வீட்டுப்பாடமே சரியாகக் கொடுப்பதில்லை. நான் கவர்னரானால் அதை மாற்ற முடியுமா? கேர் ஹோமில் ஷிஃப்ட் வேலை, லீவு கிடைக்குமா? பணக் கணக்கில் தப்பு நடந்தால் என் தலையில் விழுமா?

பதில்: தாராளமாக நில்லுங்கள். ஆனால் வீட்டுப்பாடத்துக்காக நிற்காதீர்கள்.

கவர்னர் என்றதும் நமக்கு ராஜ்பவன்தான் ஞாபகம் வரும். இங்கே அது பள்ளியை மேற்பார்வையிடும் குழுவில் ஒரு சம்பளமில்லாத வேலை. மாலை ஆறு மணிக்கு, ஆறு வயதுப் பிள்ளை உட்காரும் நாற்காலியில் முட்டி இடிக்க உட்கார்ந்து கூட்டம் நடக்கும். உள்ளூர் கவுன்சிலின் கீழ் இருக்கும் பள்ளி என்றால் குழுவில் குறைந்தது 7 பேர்: ஹெட் டீச்சர், ஊழியர்கள் தேர்ந்தெடுத்த ஒருவர், கவுன்சில் முன்மொழியும் ஒருவர், பெற்றோர் குறைந்தது 2 பேர், அப்புறம் குழுவே சேர்த்துக்கொள்பவர்கள். பதவிக்காலம் வழக்கமாக 4 ஆண்டு.

பள்ளியை அன்றாடம் நடத்துவது ஹெட் டீச்சர். பள்ளி எந்தத் திசையில் போக வேண்டும், பிள்ளைகள் உண்மையிலேயே படிக்கிறார்களா, பணம் ஒழுங்காகச் செலவாகிறதா, இந்த மூன்றும்தான் கவர்னர்களின் பொறுப்பு. உங்களைப் பெற்றோர்கள் தேர்ந்தெடுத்தாலும் அவர்களின் புகார்களைச் சுமந்து போகும் தூதர் அல்ல நீங்கள். நான் கவர்னராகப் போன முதல் கூட்டத்தில் என் மகளின் ஆசிரியரைப் பற்றி வாயெடுத்ததும் குழுத் தலைவர், "அதை நாளைக்குக் காலையில் அம்மாவாக வந்து கேளுங்கள்" என்றார். அன்று முகம் சிவந்தது. ஆனால் அவர் சொன்னது நியாயம். ஒரு புகார் முற்றிக் கவர்னர் குழு முன் வந்தால், அதில் ஏற்கெனவே தலையிட்டவர் உட்கார்ந்து விசாரிக்க முடியாது. வீட்டுப்பாடத்தை முதலில் வகுப்பாசிரியரிடமே கேளுங்கள்.

அப்படியானால் கூட்டத்தில் என்னதான் செய்வது? கேள்வி கேட்பதுதான் வேலை. தாள்கள் ஒரு வாரம் முன்பே வரும். ஒருமுறை பட்ஜெட் தாளில், தற்காலிக ஆசிரியர்களுக்கு ஒதுக்கிய தொகை பாதி ஆண்டிலேயே தீர்ந்திருந்தது. மொத்தக் கணக்கு சரியாக இருந்ததால் யாரும் அந்த வரியில் நிற்கவில்லை. "இது யாருக்குப் பதிலாக?" என்று மட்டும் கேட்டேன். கொஞ்சம் மௌனம். பிறகுதான், ஒரே வகுப்புக்கு அந்த ஆண்டு நான்கு பேர் மாறி மாறி வந்துபோனது தெரிந்தது. யாரை அங்கே போடுவது என்பது ஹெட்டின் முடிவு. அடுத்த கூட்டத்தில் "அந்த வகுப்புப் பிள்ளைகளின் வாசிப்பு எப்படி இருக்கிறது?" என்று விடாமல் கேட்டது எங்கள் வேலை. ஆங்கிலம் சரளமாக வராதே என்று தயங்க வேண்டாம். சுருக்கெழுத்துகள் மழையாகப் பொழியும். அர்த்தம் கேளுங்கள், பக்கத்தில் இருப்பவருக்கும் தெரிந்திருக்காது.

பணத்தைப் பற்றிய பயம் வேண்டாம். முடிவுகள் குழுவுடையவை. நல்லெண்ணத்தோடு எடுத்த முடிவுக்கு உங்கள் கைக்காசை யாரும் கேட்க மாட்டார்கள். லீவைப் பொறுத்தவரை, கவுன்சில் பள்ளிக் கவர்னராக இருக்கும் ஊழியருக்கு வேலை கொடுப்பவர் நியாயமான அளவு நேரம் விட வேண்டும் என்று 1996-ஆம் ஆண்டு வேலைவாய்ப்பு உரிமைகள் சட்டம் சொல்கிறது. அந்த நேரத்துக்குச் சம்பளம் தர வேண்டும் என்று சொல்லவில்லை. ஆண்டுக்கு 3 கூட்டமாவது நடக்க வேண்டும். துணைக்குழுக்களையும் சேர்த்தால் கூடும். முன்கூட்டியே தேதி வாங்கி ஷிஃப்ட்டை மாற்றிக்கொள்ளுங்கள். குழுவின் ஒப்புதல் இல்லாமல் ஆறு மாதம் வராதவர் பதவி இழப்பார்.

ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: உங்கள் பள்ளி அகாடமியா? அகாடமி என்பது கவுன்சிலின் கீழ் இல்லாமல் ஒரு டிரஸ்ட் (அறக்கட்டளை) நடத்தும் அரசு நிதிப் பள்ளி. அங்கே கடைசி அதிகாரம் டிரஸ்டிடம் இருக்கும். உள்ளூர்க் கவர்னர்களுக்கு அது எதைக் கொடுத்திருக்கிறதோ அவ்வளவுதான். சில இடங்களில் அது ரொம்பக் கொஞ்சம். மனு கொடுக்கும் முன் குழுவின் கிளார்க்கிடம் கடந்த ஓராண்டுக் கூட்டக் குறிப்புகளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். ஹெட் பேசியதே பக்கம் பக்கமாக இருந்து கவர்னர்கள் கேட்ட கேள்வி ஒன்றுகூட இல்லையென்றால், அந்தக் குழுவுக்கு உங்களைப் போன்ற ஒருவர் அவசரமாகத் தேவை.