ஸ்டோரேஜ் டிரைவர் பக்கம் போக ஆசையா? ஒரே கேள்வியைப் பிடித்துக்கொள்ளுங்கள்

லினக்ஸ் போன்ற இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலில் வேலைக்குப் போனால் பிழைக்க முடியுமா என்று பயந்து கேட்டிருக்கிறீர்கள். வெப் பக்கம் இருக்கும் அளவுக்கு இடங்கள் இங்கே இல்லை, உண்மைதான். ஆனால் எஸ்எஸ்டி செய்பவர்கள், சர்வர் செய்பவர்கள், கிளவுட் நடத்துபவர்கள் என எல்லோருக்கும் டிரைவர், அதாவது கெர்னலைச் சாதனத்தோடு பேச வைக்கும் கோடு, தெரிந்த ஆள் தேவை. அதற்காக நாலு சான்றிதழ் படிப்புக்குப் பணம் கட்டாதீர்கள். "டிரைவர் கேட்கும் நினைவகம் எங்கே கிடைக்கிறது?" என்ற ஒரே கேள்வியை ஆழமாகப் படியுங்கள்.

இரண்டு பிராசசர் உள்ள சர்வரில் ஒவ்வொன்றுக்கும் பக்கத்திலேயே அதற்கென ரேம் இருக்கும். அந்த ஜோடிதான் ஒரு நோடு. இந்த அமைப்பை நூமா (NUMA) என்பார்கள். அடுத்த நோடின் ரேமையும் தொடலாம், ஆனால் நடுவில் உள்ள இணைப்பைத் தாண்டிப் போய்வர நேரம் பிடிக்கும். லினக்ஸ் காட்டும் தூர அட்டவணையில் சொந்த நோடுக்கு 10, அடுத்ததற்குப் பல சர்வர்களில் 21 என்று இருக்கும். அது நானோசெகண்டு கணக்கு அல்ல, வெறும் ஒப்பீடு.

என்விஎம்இ (NVMe) எனும் வேகமான வகை எஸ்எஸ்டியும் ஏதாவது ஒரு நோடில்தான் செருகியிருக்கும். டிரைவர் நினைவகம் கேட்க சாதாரண கேமெல்லாக் (kmalloc) ஃபங்ஷனை அழைத்தால், அந்தக் கோடு அப்போது ஓடும் சிபியுவின் நோடிலேயே பெரும்பாலும் இடம் கிடைக்கும். சாதனம் அடுத்த நோடில் இருக்கலாம்! அதனால்தான் நோடு எண்ணையும் சேர்த்துக் கேட்கும் கேமெல்லாக்_நோடு (kmalloc_node) இருக்கிறது. சரி, சாதனத்துக்குப் பக்கத்தில் வைப்பதா, கமாண்டு அனுப்பும் சிபியுவுக்குப் பக்கத்திலா? 2014 ஜனவரியில் வெளியான லினக்ஸ் 3.13-இல் சேர்ந்த பிஎல்கே-எம்க்யூ (blk-mq) கோடை, அதாவது படி, எழுது என்ற ரெக்வெஸ்ட்டுகளைப் பல வரிசைகளில் டிரைவருக்கு அனுப்பும் கெர்னல் பகுதியைத் திறந்து, அந்த ரெக்வெஸ்ட்டுகளை எந்த நோடில் ஒதுக்குகிறது என்று பாருங்கள். இதை வரைந்து விளக்கத் தெரிந்தால் இன்டர்வியூவில் பேச்சே வேறு மாதிரி போகும்.

பழக சர்வர் வாங்க வேண்டாம். மெய்நிகர் கணினி ஓட்டும் மென்பொருளான கியூஇஎம்யூவில் (QEMU) இரண்டு நோடு உள்ள மெய்நிகர் கணினி அமைத்து, போலி டிஸ்க்கை உருவாக்கும் நல்_பிஎல்கே (null_blk) மாட்யூலை, எந்த நோடு என்று சொல்லும் ஹோம்_நோடு (home_node) அமைப்பை 0 என்றும் அப்புறம் 1 என்றும் வைத்து லோடு செய்து, நினைவக ஒதுக்கீடு எங்கே போகிறது என்று ட்ரேஸ் (கெர்னல் செய்வதன் பதிவு) எடுங்கள். ஆனால் அதில் வேகத்தை அளக்காதீர்கள். உங்கள் லேப்டாப்பில் உண்மையில் இருப்பது ஒரே நோடு, வரும் எண்ணுக்கு அர்த்தம் இருக்காது. ரெஸ்யூமேயில் அதைப் போட்டால் முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள்.

வேகம் அளக்க, கல்லூரி ஆய்வகத்தில் இரட்டை பிராசசர் சர்வர் இருக்கிறதா என்று விசாரியுங்கள். கிடைத்தால் முதலில் எஸ்எஸ்டி எந்த நோடில் இருக்கிறது என்று லினக்ஸ் காட்டும் நூமா_நோடு (numa_node) மதிப்பைப் பாருங்கள். மைனஸ் 1 என்று வந்தால், அது எந்த நோடில் இருக்கிறது என்பதை ஃபர்ம்வேர் (சர்வரின் போர்டிலேயே பதிந்திருக்கும் மென்பொருள்) கெர்னலுக்குச் சொல்லவில்லை என்று அர்த்தம். என்ன எண் வந்தது என்று எழுதுங்கள், அடுத்து எதைப் படிக்கலாம் என்று சேர்ந்தே பார்ப்போம்.