கொறச்சு மதி!

(தமிழக எல்லையை ஒட்டிய கேரள ஊரான கொழிஞ்சாம்பாறையில் 34 வருடம் சலூன் வைத்திருந்தவர் வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: அண்ணா, பையன் ஒன்பதாவது படிக்கிறான். ஏசி சலூனுக்குக் கூட்டிப்போனேன், 350 ரூபாய் ஆனது. வீட்டுக்கு வந்து தலை காய்ந்ததும் உச்சியில் நாலு முடி குச்சி மாதிரி நிற்கிறது. ஸ்கூலிலும் ‘ஒழுங்காக வெட்டிக்கொண்டு வா’ என்கிறார்கள். பொள்ளாச்சிக்குப் போனால் நன்றாக வெட்டுவார்களா? கையைக் கடிக்காத நல்ல கடை எப்படிப் பிடிப்பது?
– ஒரு வாசகி, வேலந்தாவளம்

பதில்: பொள்ளாச்சிக்கெல்லாம் வேண்டாம் அம்மிணி. பஸ் காசு ஒரு பக்கம். வெட்டியதில் குறை இருந்தால் மறுநாள் போய், ‘இந்தக் காதோரம் பாருங்க’ என்று உட்கார முடியுமா? கடை நடந்துபோகிற தூரத்தில் இருக்கட்டும்.

அந்த நாலு முடி சுழி. அந்த இடத்தில் முடி வட்டமாகச் சுற்றி முளைக்கும். நீளம் இருந்தால் தன் கனத்தில் படியும், ஒட்ட வெட்டினால் எழுந்து நிற்கும். தண்ணீர் அடித்துச் சீவிவிட்டால் சமர்த்தாகப் படுத்துக்கொள்வதால் கடைக் கண்ணாடியில் தெரியாது. தெரிந்த கைக்காரர் தண்ணீர் பாட்டிலை எடுக்கும் முன்பே காய்ந்த தலையில் விரலை விட்டுச் சுழி எங்கே என்று தேடுவார். புதுக் கடையில் நான் முதலில் பார்ப்பது அதைத்தான். உட்கார்ந்ததும் மிஷினை ஓடவிட்டால் நீங்கள் அடுத்த கடை பார்க்கலாம். இப்போதைக்குப் பையன் தலையில் மறுபடி கத்திரி வைக்காதீர்கள். முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும், அதுவே படிந்துவிடும். ஸ்கூலுக்காக ஓரம் மட்டும் எடுத்துவிடச் சொல்லுங்கள்.

அப்புறம், கடையில் போய் ‘மீடியம்’ என்று சொன்னீர்களா? அந்த வார்த்தைக்குக் கடைக்குக் கடை அர்த்தம் வேறு. எங்கள் ஊரில் பாதிப் பேர் தமிழ், பாதிப் பேர் மலையாளம். ஒருநாள் நான் சாப்பிடப் போயிருந்தபோது வந்த மலையாளி ஒருவர், ‘மேலே கொறச்சு மதி’ என்றிருக்கிறார். கொஞ்சம் எடுத்தால் போதும் என்று அர்த்தம். உடுமலைப் பக்கத்திலிருந்து புதிதாக வந்திருந்த என் கடைப் பையன் காதில் விழுந்தது ‘குறைச்சு’. நன்றாகவே குறைத்துவிட்டான். அந்த மனிதர் அடுத்த வாரம் பெண் பார்க்கப் போகிறவர். நான் திரும்பி வந்தபோது கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டவில்லை, தொப்பி எந்தக் கடையில் கிடைக்கும் என்றுதான் கேட்டார். காசு வாங்க எனக்குக் கை வரவில்லை.

அதனால் வார்த்தையை விட்டு அளவைச் சொல்லுங்கள். மேலே எவ்வளவு எடுக்க வேண்டும் என்று விரலில் காட்டுங்கள். ஓரத்துக்கு மிஷின் நம்பர்: ஒன்று என்றால் 3 மில்லிமீட்டர் நீளத்துக்கு முடி மிச்சமிருக்கும், இரண்டு என்றால் 6, மூன்று கிட்டத்தட்ட 10, நாலு 13. ஸ்கூல் பையனுக்கு ஓரம் மூன்று, மேலே கத்திரி. பிடித்துப்போனால் அந்த நம்பரை நினைவில் வைத்துக்கொண்டு அதே கையிடம் போங்கள். மூன்றாவது தடவை நீங்கள் வாயே திறக்க வேண்டியிருக்காது.

350 ரூபாயில் ஏசியும் வாடகையும் சோபாவும் இருக்கின்றன. பில்லையும் பாருங்கள். சலூனுக்கு ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதத்திலிருந்து 5 ஆகிவிட்டது. பழையபடி போட்டிருந்தால் கேளுங்கள்.

போகிற நேரமும் முக்கியம். ஞாயிறு காலை எவ்வளவு நல்ல கையும் அவசரப்படும். புதன், வியாழன் பதினோரு மணிக்குப் போங்கள். கார்த்திகையில் இன்னும் நல்லது. சபரிமலைக்கு மாலை போட்டவர்கள் 41 நாள் முடியும் வெட்ட மாட்டார்கள், தாடியும் எடுக்க மாட்டார்கள். கடை காற்று வாங்கும். ஒரு தலைக்கு முக்கால் மணி நேரம் செலவழித்த நாளெல்லாம் எனக்கு அந்த மாதத்தில்தான். மகரஜோதி முடிந்த வாரம் மட்டும் எட்டிக்கூடப் பார்க்காதீர்கள்.

கேள்வி: பழனியில் மொட்டை போட்டால் முடி அடர்த்தியாக முளைக்குமா?
– கோபாலபுரம் வாசகர்

பதில்: முளைக்காது. வேர் தோலுக்குள் இருக்கிறது, கத்தி அங்கே போவதில்லை. வெட்டிய நுனி மொட்டையாக இருப்பதால் தடவும்போது தடிப்பாகத் தெரிகிறது. வேண்டுதல் இருந்தால் போடுங்கள்.

கேள்வி: சின்னக் கடையில் ஷேவிங் செய்யப் பயமாக இருக்கிறது. புது பிளேடு கேட்டால் கோபித்துக்கொள்வார்களா?
– மீனாட்சிபுரம் வாசகர்

பதில்: உட்காரும்போதே, ‘அண்ணா, புது பிளேடு போட்டுருங்க’ என்று சொல்லிவிடுங்கள். உங்கள் கண்முன் உறையைப் பிரிக்கட்டும். ஒரு பிளேடை இரண்டாக ஒடித்துப் பாதியைத்தான் மாட்டுவோம், அதனால் பெரிய செலவில்லை. மஞ்சள்காமாலை தரும் ஹெபடைடிஸ் பி கிருமி காய்ந்த ரத்தத்திலும் ஏழு நாளாவது உயிரோடு இருக்கும். பத்து முகத்தில் தேய்த்த படிகாரக் கல்லையும் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

கடை வைத்த புதிதில் தோல்வாரில் தீட்டிய ஒரே கத்தியால்தான் நானும் எல்லோருக்கும் இழுத்தேன். நடுவில் டெட்டால் தண்ணீரில் ஒரு முக்கு. அது போதும் என்றுதான் நினைத்திருந்தேன்.