பூட் ஆகும்போது ஸ்கிரிப்ட் ஏன் பதிலுக்குக் காத்திருப்பதில்லை?

கிருஷ்ணகிரி மாம்பழக்கூழ் ஆலையில் லினக்ஸ் கணினி பூட் ஆகும்போது ஆபரேட்டரிடம் ஷிப்ட் எண் கேட்க, ஸ்கிரிப்டில் ‘ரீட்’ (கீபோர்டில் தட்டுவதைப் படிக்கும் கட்டளை) போட்டிருக்கிறீர்கள். அது நிற்காமல் ஓடிவிடுகிறது என்கிறீர்கள்.

ஸ்கிரிப்டில் தவறில்லை. பூட் ஆகும்போது பின்னணி நிரல்களை, அதாவது சர்வீஸ்களை, தொடங்கி வைப்பது லினக்ஸின் சிஸ்டம்டி. அது எந்த சர்வீஸுக்கும் கீபோர்டைத் தானாகக் கொடுக்காது. உள்ளீடாக ‘டெவ் நல்’ என்ற வெற்றுக் கோப்புதான் போகும். அதில் படிக்க ஒன்றுமில்லாததால் ‘ரீட்’ உடனே தோற்றுத் திரும்பிவிடும். சர்வீஸ் கோப்பில் ‘ஸ்டாண்டர்ட்இன்புட்=டிடிஒய்-ஃபோர்ஸ்’ என்று எழுதுங்கள் (டிடிஒய் என்பது கீபோர்டும் திரையும் சேர்ந்த டெர்மினல்). பலர் அதோடு நிறுத்திவிடுவார்கள். அப்போது கேள்வி திரைக்கு வராமல் ஜர்னல் என்ற சிஸ்டம்டி பதிவேட்டுக்குப் போகும். ஆபரேட்டர் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். ஆகவே ‘ஸ்டாண்டர்ட்அவுட்புட்=டிடிஒய்’ என்பதும் கட்டாயம் வேண்டும்.

அப்புறம், ‘டைப்=ஒன்ஷாட்’, ‘பிஃபோர்=கெட்டி@டிடிஒய்1.சர்வீஸ்’ இரண்டையும் சேருங்கள். முதலாவது, ஒருமுறை ஓடி முடியும் வேலை என்று சொல்கிறது; இரண்டாவது, லாகின் திரையைக் காட்டும் ‘கெட்டி’க்கு முன்பே அதை ஓட வைக்கிறது. இல்லையென்றால் லாகின் திரையும் உங்கள் கேள்வியும் ஒரே கீபோர்டுக்குப் போட்டியிடும்.

இதைவிட முக்கியம் நேர வரம்பு. ஒன்ஷாட்டுக்கு இயல்பாக அது கிடையாது. நள்ளிரவில் கரண்ட் போய் வந்து, பக்கத்தில் ஆளில்லை என்றால் உங்கள் சர்வீஸுக்காகக் காத்திருப்பவை எல்லாம் விடியும்வரை நிற்கும். ஸ்கிரிப்ட் பாஷ் ஷெல்லில் ஓடினால் ‘ரீட் -டி 60’ (60 விநாடி மட்டும் காத்திரு) கொடுத்து, பதில் வராவிட்டால் முந்தைய ஷிப்ட் எண்ணையே எடுத்துக்கொள்ளச் செய்யுங்கள். கடவுச்சொல் கேட்பதானால் மட்டும் ‘சிஸ்டம்டி-ஆஸ்க்-பாஸ்வேர்ட்’ கட்டளை போதும். அது இயல்பாகவே 90 விநாடிதான் காத்திருக்கும்.